ஒரிஜினல் சென்சார் எங்கே?

காரின் பின்பக்கம் கசக்கி எறிந்த காகிதம் மாதிரி கிடந்தது. மேடமோ முன்பக்கம் போய், பானட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்.

"மேடம், அடி பட்டது பின்னாடி," என்றேன்.

"அடியைப் பார்க்க நாம வரல." குரல் என்ஜினுக்குள்ளிருந்து வந்தது. "டார்ச்சைப் பிடி. வாயை மூடிட்டுப் பிடிச்சா வெளிச்சம் ஆடாது."

மேடம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையில் தலை நரைக்கும் வரை இருந்தவர். ஒருநாள் ராஜினாமாவை நீட்டிவிட்டு, ஜெராக்ஸ் கடை மாடியில் இரண்டு அறைகளைப் பிடித்து, துப்பறியும் அலுவலகம் என்று போர்டு மாட்டிவிட்டார். அந்த அலுவலகத்தின் மொத்த சிப்பந்திகளும் நான் ஒருவனே. ஓயாமல் பேசுகிறேன் என்று எனக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார். நான் என்ன செய்ய? வீட்டுக்குப் போனால் என் பேச்சைக் கேட்கச் சுவர்தான் இருக்கிறது. சம்பளம் கொடுக்கிற இடத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறேன். மேடத்துக்காவது வீட்டில் ஒரு பூனை உண்டு.

மோதி நொறுங்கிய வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டு அது. முள்கம்பி வேலிக்குள் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றின் பின்சீட்டில் குழந்தையின் செருப்பு ஒன்று கிடந்தது. எனக்கு இந்த மாதிரி இடங்கள் ஆகவே ஆகாது. அதனால்தான் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்களைக் கூட்டி வந்தவர் மெக்கானிக். ஓரமாக நின்று கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் துடைப்பதற்கு அழுக்கே இல்லை. ஒரு வாரமாகப் பட்டறைக்கு வண்டியே வராவிட்டால் அழுக்கு எங்கிருந்து வரும்?

விஷயம் இதுதான். கார் ஒரு பல் டாக்டருடையது. ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப்போய், மெக்கானிக்கிடம் வந்து, புதிது மாட்டிக்கொண்டு போனார். சில மாதங்கள் கழித்து ஒரு நாற்சந்தியில், பச்சை விழுந்து கிளம்பும் நேரத்தில், என்ஜின் திக்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் நிற்கவில்லை. உயிர் பிழைத்தார், ஆனால் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பல் டாக்டருக்கு வலது மணிக்கட்டு முறிவது பாடுகிறவருக்குத் தொண்டை போவது மாதிரி.

வண்டியைப் பார்க்க வந்த இன்ஷூரன்ஸ் சர்வேயர் பானட்டைத் திறந்தார். ஒரிஜினல் மாட்டினேன் என்று மெக்கானிக் சத்தியம் செய்த இடத்தில், ஒயர்களை ஒட்டுப் போட்ட யுனிவர்சல் சென்சார் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. பட்டறைக்கு வண்டி அனுப்பிக்கொண்டிருந்த டாக்ஸி கம்பெனி கையை விரித்துவிட்டது. டாக்டர் நாளைக் காலையில் போலீசுக்குப் போகிறார். போனால் பட்டறையின் ஷட்டர் இறங்கினது இறங்கினதுதான்.

சென்சார் பற்றி எனக்கு முந்தாநாள் வரை ஒன்றும் தெரியாது. இப்போது பாடமே எடுப்பேன். கட்டைவிரல் அளவு சாமான். புகைக்குழாயில் திருகி மாட்டியிருப்பார்கள். என்ஜின் விடும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று மோந்து பார்த்து, பெட்ரோலைக் கூட்டு, குறை என்று தகவல் அனுப்பும். அது கெட்டால் டிரைவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வண்டி பெட்ரோலைக் குடிக்கும், திக்கும், சில சமயம் நின்றே போகும்.

மாற்றுவதற்கு இரண்டு வகை கிடைக்கிறது. ஒரிஜினல் என்பது அந்த வண்டிக்கென்றே அளவெடுத்தது. ஒயரும் முனையில் பிளக்கும் சேர்ந்தே வரும். திருகி, பிளக்கைச் சொருகினால் வேலை முடிந்தது. யுனிவர்சல் எந்த வண்டிக்கும் போகும், விலையும் குறைவு. ஆனால் பிளக் இருக்காது, மொட்டை ஒயர்கள்தான். பழைய சென்சாரிலிருந்து பிளக்கை வெட்டியெடுத்து, நான்கு ஒயர்களையும் நிறம் பார்த்து ஒட்ட வேண்டும். ஒட்டுகிற கை சரியாக இருந்தால் அதுவும் நன்றாகத்தான் ஓடும் என்று மெக்கானிக்கே ஒப்புக்கொண்டார்.

மேடம் நிமிர்ந்தார். நான்கு ஒயர்களையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒவ்வொரு ஒட்டின் மேலும் கறுப்பு உறை, சூடு காட்டி இறுக்கியது. நான்கு ஒட்டும் ஒரே இடத்தில் புடைக்காமல், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளிப் போட்டிருந்தது.

"இது உங்க கை வேலையா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் முதலில் தெரிந்தது மரியாதை. "இவ்வளவு அழகா எனக்கு வராது மேடம்," என்றார்.

தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வாக்குமூலம் இருக்க முடியாது. ஆனால் எந்தப் போலீஸ்காரர் இதை ஏற்றுக்கொள்வார்?

மேடம் பிளேடை எடுத்து ஓர் உறையை மெல்லக் கீறினார். உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. ஈயம். சால்டரிங் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்.

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இதுல ஈயமே வைக்கக் கூடாது மேடம். சின்னக் குழாய்ல ஒயரை விட்டு, நசுக்கித்தான் சேர்க்கணும். இந்தச் சென்சார் ஒயர் வழியாத்தான் மூச்சு விடும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. விளக்கினார். புகையில் ஆக்ஸிஜன் கம்மியா, அதிகமா என்று அது தானாகக் கண்டுபிடிப்பதில்லை. வெளிக்காற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்கிறது. அந்த வெளிக்காற்று, ஒயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி இழைகளின் இடுக்கு வழியாக உள்ளே போகிறது. ஈயத்தை உருக்கி விட்டால் அந்த இடுக்குகள் அடைந்துவிடும்.

"வெளிக்காத்து போகலன்னா உள்ளே என்ன நடக்குதுன்னு அதுக்கே புரியாது. கொஞ்ச நாள் உளறும். அப்புறம் செத்துடும்," என்று முடித்தார்.

"அப்ப வேலை தெரியாதவன் செஞ்சது," என்றேன்.

"வேலை தெரிஞ்சவன்தான். வேற வேலை." மேடம் பிளக்கைத் திருப்பினார். "இது யாரோட பிளக்?"

மெக்கானிக் பார்த்தார். கையிலிருந்த துணி அப்படியே நின்றது. எண்ணெய் ஏறிப் பழுப்பாகிப் போன பழைய பிளக். பூட்டும் நாக்கு உடைந்து, அதை ஒரு நைலான் பட்டையால் இறுக்கியிருந்தது. அந்தப் பட்டையை முன்பு ஒரு தடவை போட்டது தானேதான் என்றார், மிகவும் மெதுவாக. கெட்டுப்போய்க் கழற்றிய பழைய சென்சாரின் பிளக் அது.

போச்சு. பழைய சென்சார் யாரிடம் இருக்கும்? கழற்றினவரிடம். அதை வெட்டி ஒட்டினது யார்? அவரேதான். சர்வேயரும் இதைத்தானே சொல்கிறார்? இந்த ஆளை நம்பி வந்தோமே என்று நினைத்தேன். கட்சிக்காரரே குற்றவாளி என்று முடிந்த கேஸ்கள் எங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே உண்டு.

மேடம் மட்டும் சாதாரணமாகக் கேட்டார். "கழட்டின பழைய சாமானை என்ன பண்ணுவீங்க?"

"கஸ்டமர் கையிலயே கொடுத்துடுவேன் மேடம். புதுசு வந்த டப்பாலயே போட்டு. மாத்தாமலே மாத்தினேன்னு ஏமாத்தறேன்னு ஒருத்தர் ஒரு தடவை சொல்லிட்டார். அதுலேர்ந்து ஒரு ஸ்குரூவைக்கூட நான் வச்சுக்கிறதில்ல."

மேடம் முனகலாக ஏதோ பாட்டுப் பாட ஆரம்பித்தார். என்ன பாட்டு என்று இத்தனை வருடத்தில் நான் கண்டுபிடித்ததில்லை. ஆனால் பாட்டு வந்தால் கேஸ் அசைந்துவிட்டது என்று அர்த்தம்.

*

டாக்டரின் கிளினிக் பூட்டியிருந்தது. தட்டினதும் அவரே வந்து திறந்தார். நாற்பது வயதுப் பெண். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது. காத்திருப்போர் அறையில் விளக்குக்கூடப் போடவில்லை. உள்ளே போய், நோயாளிகள் சாய்ந்து படுக்கும் நாற்காலியிலேயே அவர் உட்கார்ந்துகொண்டார். கிளினிக்கை மூடிவிட்ட பிறகும் தினமும் இங்கே வந்து உட்காருவதாகச் சொன்னார். ஃபிளாட்டில் இருந்தால் இன்னும் மோசம் என்றார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது.

மெக்கானிக்கின் ஆட்கள் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. நம்பினேன், ஏமாற்றினான், நாளைக்கு ஸ்டேஷன், இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்றார். மேடம் வாதாடவில்லை. சென்சாரை மாற்றின அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்.

அன்று அப்பாவும் கூட வந்திருந்தாராம். அப்பா ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறார். யுனிவர்சலே போதும் என்று அப்பா பிடிவாதம் பிடித்திருக்கிறார். உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான், ஒரு பிளக்குக்காகவா இவ்வளவு விலை, வண்டியை வீட்டில் அரை நாள் விடு, நானே ஒட்டித் தருகிறேன் என்று. அவசரப்பட்டு ஒரு யுனிவர்சலை வாங்கியும் வைத்துவிட்டாராம். மெக்கானிக் ஒரிஜினல்தான் நல்லது என்றார். யுனிவர்சல் போட்டால் ஒட்டு ஒழுங்காக இருக்க வேண்டும், ஈயம் வைக்கக் கூடாது, ஏன் வைக்கக் கூடாது என்று இருவரையும் நிற்க வைத்து விளக்கியிருக்கிறார்.

"நான் ஒரிஜினலே போடச் சொல்லிட்டேன்," என்றார் டாக்டர். "மாட்டினோமா, மறந்தோமான்னு இருக்கணும். அரை நாள் போய் உட்கார எனக்கு ஏது நேரம்?"

"பழைய சென்சார்?"

"ஒரு அழுக்கு டப்பா கொடுத்தார். அப்பா வாங்கி வச்சுக்கிட்டார். அவர் எதையும் தூக்கிப் போட மாட்டார்."

சொல்லிவிட்டு அவர் கவனம் வேறெங்கோ போனது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலிக்கு மேலே வளைந்து நின்ற விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஒயர் எப்போதோ அறுந்து, ஒட்டுப் போட்டிருந்தது. கறுப்பு உறை. ஒட்டுகள் படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி.

"இதை யாரு சரி பண்ணாங்க?"

"அப்பாதான். காது கேக்கற மிஷின் ரிப்பேர் பண்ணிட்டிருந்தார். கை அசையவே அசையாது."

சென்சார் மாற்றின பிறகு ஒரே ஒரு தடவை அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார் டாக்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டார். வண்டி வாசலில் நின்றது. இப்போது விபத்தைப் பற்றி அப்பாவுக்குத் தெரியுமா என்று மேடம் கேட்டதற்கு, சொல்லவில்லை, பதறிவிடுவார் என்றார். போனில் பேசுவதுண்டு. வண்டி எப்படி ஓடுகிறது என்று அப்பா கேட்பார், நன்றாக ஓடுகிறது என்று இவர் சொல்வார், வைத்துவிடுவார்கள்.

"எங்களுக்குள்ள பேச வேற ஒண்ணும் இல்ல," என்றார். பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேடம் எழுந்துகொண்டே கடைசியாக ஒன்று கேட்டார். விபத்துக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்ததா?

டாக்டர் மாவுக்கட்டைப் பார்த்தார். "கவனிக்கல."

படி இறங்கும்போது நான் ஆரம்பித்தேன். கடுகளவு சொத்தையை வாய்க்குள் டார்ச் அடித்துக் கண்டுபிடிக்கிற கண், மூக்குக்கு நேரே எரிகிற விளக்கைக் கவனிக்காதா?

"அதை நாம கேக்க வேண்டாம்," என்றார் மேடம்.

*

பெரியவர் வீடு சின்னது. நான்கு வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது, வேறு சத்தமே இல்லை. மணியை அழுத்தவில்லை, கேட்டைத்தான் தொட்டோம். கதவு திறந்துவிட்டது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பார் போல.

சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். சென்சார் விஷயமாக வந்திருக்கிறோம் என்றார் மேடம். அவ்வளவுதான், பெரியவர் முகத்தில் பல்பு எரிந்தது.

"பட்டறையிலேர்ந்தா? வாங்க வாங்க. அவ அனுப்பினாளா? அவ வரலையா?" எங்களுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார்.

மேடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே போனோம். ஜன்னல் ஓரம் ஒரு வேலை மேஜை இருந்தது. சால்டரிங் கோல், பூதக்கண்ணாடி, நகத்தளவு மிஷின்கள், கறுப்பு உறைகள் நீளவாரியாக அடுக்கிய டப்பா. இப்போது யாரும் ரிப்பேருக்கு வருவதில்லை, காதுக்குப் பின்னால் போடுகிறது கெட்டுப்போனால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள் என்றார். நான் உட்காரப் போன நாற்காலியில் தூசி இருந்தது. அவர் உட்காரும் நாற்காலியில் மட்டும் இல்லை.

"ஒரிஜினலைப் பார்க்கலாமா?" என்றார் மேடம்.

ஒளித்து வைத்தவன் திடுக்கிடுவான், மழுப்புவான், என்ன ஒரிஜினல் என்பான். பெரியவர் இழுப்பறையைத் திறந்து எடுத்து நீட்டினார். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. முனைக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. திருகு மரையில், மாட்டின பிறகு சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று, செம்புப் பசை தடவித் தயாராக வைத்திருந்தார். ஒயரும் பிளக்கும் கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தன.

திருடி வைத்த சாமானை யாரும் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

"ஈயம் வைக்கக் கூடாதுன்னு மெக்கானிக் சொன்னப்ப நீங்க பக்கத்துலயேதான் இருந்தீங்க," என்றார் மேடம்.

"இருந்தேன்."

"அப்ப இது தெரியாம நடந்ததில்ல."

பெரியவர் துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார். பழைய சென்சார் கெட்டிருந்தபோது அந்த மஞ்சள் விளக்கு அடிக்கடி எரியுமாம். எரிந்த உடனே மகளுக்குப் பயம் வந்துவிடும். அப்பா, லைட் எரியுதுப்பா என்று போன் வரும். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இவர் பானட்டைத் திறந்து எதையாவது துடைப்பார், பேட்டரியைக் கழற்றி மாட்டுவார், விளக்கு அணையும். அதற்குள் அவள் சாப்பிட்டு, கதை பேசி, அந்த நாற்காலியிலேயே கொஞ்சம் தூங்கியும் இருப்பாள். சில வாரத்தில் மறுபடியும் எரியும்.

"ஒரிஜினல் போட்டாங்க. லைட் அணைஞ்சு போச்சு," என்றார். "அவளும் வர்றதில்ல."

ஒரு ஞாயிறு மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, கைவசம் இருந்த யுனிவர்சலை எடுத்து, பழைய பிளக்கை வெட்டி ஒட்டி மாட்டிவிட்டார். முறையாக நசுக்கி ஒட்டினால் நன்றாக ஓடிவிடும். அதனால்தான் ஈயம் வைத்தார். கொஞ்ச நாளில் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், வருவாள். ஒரிஜினலைத் திரும்ப மாட்டி அனுப்பிவிடலாம். விளக்கு எரிவதைத் தவிர வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறார்.

"ஆனா எரியவே இல்ல," என்று வெட்கத்தோடு சிரித்தார். "போன் போட்டு வண்டி எப்படிம்மா ஓடுதுன்னு கேப்பேன். நல்லா ஓடுதுப்பான்னு சொல்வா. நானும் ஒட்டு சரியா அடைக்கல போலன்னு விட்டுட்டேன். இத்தனை வருஷம் ஈயம் வச்ச கை, இதுலபோய் தோத்துடுச்சு பாருங்க."

மேடத்துக்கு எப்போதும் கேள்வி கேட்கத்தான் தெரியும், பதில் சொல்ல அவருக்குப் பிடிக்காது. அன்று சொல்ல வேண்டியிருந்தது. நாற்சந்தியைச் சொன்னார், பஸ்ஸைச் சொன்னார், மணிக்கட்டைச் சொன்னார். பட்டறைக்கு ஒரு வாரமாக வண்டி வராததைச் சொன்னார். நாளைக் காலையில் ஒரு தப்பும் செய்யாத ஒரு மனுஷன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப் போவதையும் சொன்னார்.

பெரியவர் உட்காரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உயிருக்கு ஒன்றுமில்லையே, உயிருக்கு ஒன்றுமில்லையே என்று மூன்று நான்கு தடவை கேட்டார். இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

கிளினிக் வாசலில் நான் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தபோதே மேடம் டாக்டருக்குப் போன் போட்டு, இந்த வீட்டு முகவரியை வாங்கி, மாலைக்குள் நீங்களும் வந்துவிடுங்கள், ஒரிஜினல் அங்கேதான் இருக்கும் என்று சொல்லியிருந்தாராம். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் வழியெல்லாம் பேசியே அவர் யோசிக்கிறதைக் கெடுத்துவிடுவேனாம்.

வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

பெரியவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஓடிப்போய் அந்தத் தூசி நாற்காலியைத் தன் தோள்துண்டால் துடைத்தார். திட்டு வாங்கப் போகிறோம், மகளின் முகத்தைப் பார்க்கக்கூட முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வந்திருப்பது அவள்தானே.

மகள் உள்ளே வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மேஜையில், வெள்ளைத் துணியின் மேல் கிடந்த சென்சாரைப் பார்த்தார். கெட்டிக்காரப் பெண், யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏம்ப்பா?"

பெரியவர் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைட் எரிஞ்சா வருவியேன்னு."

மகள் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தட்டும், கத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"எரிஞ்சுதுப்பா," என்றார். "ஒரு மாசத்துக்கு மேலயே எரிஞ்சுது. சொன்னா வீட்டுக்கு எடுத்துட்டு வான்னு சொல்லுவீங்க. அதான் நல்லா ஓடுதுன்னே சொல்லிட்டிருந்தேன்."

"எரிஞ்சுதா?"

ஒரு கணம் பெரியவர் கண்ணில் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். கை தோற்கவில்லை. நினைத்தபடியே ஒட்டு அடைத்திருக்கிறது, நினைத்தபடியே விளக்கு எரிந்திருக்கிறது. அதற்கு அடுத்த கணம், விளக்கு எரிந்தும் அவள் வரவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. முகம் விழுந்துவிட்டது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் இடது கையால் தட்டுத் தடுமாறி போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஒரிஜினல் கிடைத்துவிட்டது, உங்கள் மேல் தப்பே இல்லை, டாக்ஸி கம்பெனிக்கு நானே வந்து சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். யார் எடுத்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்க வேண்டும். "எங்க வீட்டுக்குள்ளயேதான் இருந்துது. தப்பு எங்க ரெண்டு பேர் மேலயும்தான்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்களுக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. மேடம் கண்ணைக் காட்டினார். சத்தமில்லாமல் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தோம்.

உள்ளே, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லப்பா."

இந்தத் தடவை அவர் அதை நம்பவில்லை. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், துடைத்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.